நைனார் பார்த்த ஆறு விளக்குகள்

தரணேந்திர நைனார் இறந்துபோன செய்தி வந்தபோது நான் ஆரணியில் இல்லை. வடக்கே, ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் மகள் ஸ்டெல்லாவின் குவார்ட்டர்ஸில் இருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு முனுசாமி போன் செய்தார். "சார், நம்ம நைனாரு தவறிட்டாரு. காத்தால எழுந்து மூஞ்சி கழுவிகினு இருந்தாரு. மாரப் புடிச்சிகினு உக்காந்தாரு, அவ்ளோதான்" என்றார். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன். "மத்தியானமே எடுத்துருவாங்க சார். நீங்க அவ்ளோ தூரத்துல இருந்து எங்க வரப்போறீங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏனென்றால் நான் அந்தப் பால்கனியில் உட்கார்ந்திருந்ததற்கும் நைனாருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

நினைவுக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஐந்து நிமிஷம் போதாது. அதனால் எழுதியே வாசிக்கிறேன். வாய்க்கு விட்டால் நழுவிவிடுவேன். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவனுக்குச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழகாகச் சொல்லத் தெரியும். நைனாரைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள் அவருடைய பொறுமை, நேர்மை, பொழுது சாய்வதற்கு முன் சாப்பிடும் ஒழுக்கம் எல்லாவற்றையும் சொல்வார்கள். நானும் சொல்லப்போகிறேன். ஆனால் கூடவே இன்னொன்றும் இருக்கிறது.

அவர் பட்டுப்புடவைக்கு டிசைன் வரைகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பெரிய கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகச் சிவப்புப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு பறவை. ஒரு தலை, ஒரு இறக்கை, ஒரு கால். உடம்பு நடுவில் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோட்டில் நின்றிருந்தது. "என்ன நைனாரே, பாவம், பறவையைப் பாதியில் விட்டுவிட்டீர்களே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கிண்டல் அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். "இது இருதலைப்பட்சிங்க சார். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்றதுக்கு நாங்க பாதிதான் போடுவோம். நூல் கட்டியிருக்கிற மாதிரியில தறியே அந்தப் பக்கத்தத் திருப்பிப் போட்டுக்கும். மீதியத் தறி பாத்துக்கும்" என்றார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து அந்த நேர்கோட்டின் மேல் நிறுத்திக் காட்டினார். பறவைக்கு இரண்டாவது தலை வந்தது. நான் கண்ணாடியை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக, பாதி வரைகிற வழக்கம் எனக்குத் தெரியாது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இரண்டு வீட்டு மொட்டை மாடிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். தினமும் சாயங்காலம் அவர் மேலே வந்து மேற்கே பார்ப்பார். சூரியன் மலைக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அங்கேயே இலையில் உட்காருவார். சமணர் என்பதால் பொழுது போனபின் ஒரு வாய் சாப்பிடமாட்டார். போளூர்ப் பக்கம் திருமலையை அடுத்த சின்ன ஊர்தான் அவருக்குப் பூர்வீகம். அவர் அப்பாவும் அப்படித்தானாம். இதனால் அவருக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. வருஷத்தின் எந்த நாளிலும் சூரியன் எத்தனை மணிக்கு இறங்கும் என்று காலண்டர் பார்க்காமல் சொல்லுவார். நான் சில நாள் போனில் சரிபார்த்திருக்கிறேன். ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்கும். "போன்ல தப்பா இருக்கும் சார்" என்பார்.

அந்தச் சாயங்காலம் பொங்கல் முடிந்து சில நாள் ஆகியிருந்தது. நான் கீழே டியூஷன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து நைனாரின் குரல் கேட்டது. "சார், ஜல்தியா மேல வாங்க." அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஆனாலும் நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்து, அதற்குக் கீழே கோடு போட்டு, சாக்பீஸை வைத்துவிட்டுத்தான் போனேன். அவர் எச்சில் கையோடு சுவரோரம் நின்றிருந்தார். மேற்கே ஒன்றும் இல்லை. மலைக்குப் பின்னால் கொஞ்சம் சிவப்பு மட்டும் இருந்தது. "போயிருச்சிங்க" என்றார்.

அவர் பார்த்ததை அன்றைக்கே எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகும் பலமுறை சொன்னார். ஒரு தடவைகூட ஒரு வார்த்தை மாறவில்லை. கவிழ்த்த பானை மாதிரி ஒன்று. மலைக்கு மேல், நாலு விரல் உயரத்தில், அசையாமல் நின்றது. அடியில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, மொத்தம் ஆறு விளக்குகள். சத்தம் இல்லை. அவர் கடைசி வாய் மோர்சோறு எடுத்தபோது இருந்தது. இலையை மடித்து எழுந்தபோதும் இருந்தது. என்னைக் கூப்பிட்டபோதும் இருந்தது. பிறகு நேராக மேலே போய்விட்டது. "என்ன அது?" என்று கேட்டேன். "இன்னான்னு எனக்குத் தெரியாதுங்க. எப்படி இருந்துச்சின்னுதான் தெரியும்" என்றார். வேற்றுக்கிரகம், பறக்கும் தட்டு என்றெல்லாம் பின்னால் ஊரில் பேசினார்களே, அந்த வார்த்தைகளை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

நானாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லிவிட்டு விட்டிருப்பேன். நைனார் அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குப் போய், கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தார். பட்டாவுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் நிற்கிற வரிசையில் நின்று கொடுத்தார். பொருள்: வானில் கண்டதைத் தெரிவித்தல். மனுவை வாங்கியவர் இரண்டு தடவை படித்துப் பார்த்து, "இதுல உங்க கோரிக்கை இன்னாங்க?" என்று கேட்டாராம். "கோரிக்கை ஒண்ணும் இல்லீங்க. தெரிவிச்சிக்கிறேன்" என்றாராம். இதைக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "யாருக்கு என்ன லாபம் நைனாரே?" என்றேன். "பாத்தவன் சொல்லணும் இல்லீங்களா சார். சொல்லாம வெச்சிகினா பாக்காதவனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?" என்றார். அப்போது அதற்கும் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மனு ஒரு ஜீப்பாகத் திரும்பி வந்தது. ராணுவத்திலிருந்து இரண்டு அதிகாரிகள். அதே சாயங்காலம் வேறொரு இடத்திலிருந்தும் ஏதோ தகவல் போயிருந்ததாம். டிரோன் பயம் இருக்கிற காலம். அதனால் முறைப்படி விசாரிக்க வந்திருந்தார்கள். இருவருக்கும் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும் என்று தாலுகா ஆபீஸிலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, நல்ல செருப்பு எல்லாம் போட்டுக்கொண்டு நைனாரோடு நடந்து போனேன். அவர் கையில் சுருட்டிய கிராஃப் தாள் இருந்தது. "வரைஞ்சி எடுத்துகினு வந்துருக்கேன் சார். வாயால சொன்னா ஆளாளுக்கு ஒண்ணு நெனைப்பாங்க" என்றார்.

தாலுகா ஆபீஸ் மாடியில் ஒரு அறை. மேற்குப் பக்கம் ஜன்னல். மூத்த அதிகாரி மரியாதையானவர். நைனாருக்கு நாற்காலி போடச் சொல்லி, அவர் உட்கார்ந்த பிறகுதான் தான் உட்கார்ந்தார். இளையவர் எழுதிக்கொண்டார். என்ன நேரம், எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று கேட்டார்கள். "நான் சாப்ட்டுகினு இருந்தேன். பொழுது இன்னும் போகல" என்றார். மணியும் சொன்னார். நான் அதை விளக்கிச் சொன்னேன். மூத்தவர் தலையாட்டி, அன்றைய சூரிய அஸ்தமன நேரத்தைத் தன் தாளில் பார்த்தார். நைனார் சொன்னதும் அதுவும் சரியாக இருந்தன. ஏன் போனில் படம் எடுக்கவில்லை என்று கேட்டார்கள். "எச்சக் கையாச்சிங்களே" என்றார். இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று நான் திணறினேன். இளையவர் சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை.

எத்தனை விளக்கு என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். மூன்று தடவையும் ஆறு என்றார். "எண்ணினீர்களா, தோராயமா?" என்று கேட்டதற்கு, "எண்றதுதாங்க என் தொழில்" என்றார். நான் அதை நன்றாகவே மொழிபெயர்த்தேன். இவ்வளவு தெளிவான சாட்சியைப் பார்த்ததில்லை என்று மூத்தவர் என்னிடம் சொன்னார். அதை நைனாருக்குச் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

கேள்விகள் நீண்டுகொண்டே போயின. நைனார் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். "சார், பொழுது சாயுது. வீட்ல டப்பால கட்டிக் குடுத்துருக்காங்க. கீழ போயி ஜல்தியா ரெண்டு வாய் சாப்ட்டு வந்துர்ட்டுமா?" என்றார். நான் கேட்டுச் சொன்னேன். அவர்கள் சரி என்றார்கள். சுருட்டி வைத்திருந்த தாளை மேஜைமேல் விரித்து வைத்தார். "சாப்புட்டு வர்றதுக்குள்ள இதப் பாத்துகினு இருக்கட்டும். சந்தேகம் இருந்தா நீங்க சொல்லிருங்க சார், உங்களுக்குத்தான் தெரியுமே" என்றார். டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

உங்களுக்குத்தான் தெரியுமே. இந்த வார்த்தையைத்தான் அவர் இருந்தவரை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

தாளில் பாதிப் பானை இருந்தது. ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் நேர்கோடு. அடியில் மூன்று விளக்குகள். கட்டம் கட்டமாக, ஒரு புள்ளி பிசகாமல் வரைந்திருந்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஒன்றை முழுசாக வரைவது என்பது அவர் கைக்குத் தெரியாது. மூத்த அதிகாரி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆறு என்றார். இதில் மூன்றுதான் இருக்கிறது. வடிவமும் ஒருபக்கம் சப்பையாக இருக்கிறது. பானை என்றாரே?" என்றார்.

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அவர் இன்னொன்றும் சொன்னார். சாட்சியும் படமும் ஒத்துப்போனால் இதை மேலே அனுப்ப வேண்டியிருக்கும், அடுத்த விசாரணைக்கு மொழிபெயர்த்தவரையும் கூப்பிடுவார்கள், உங்கள் குடும்ப விவரம் எல்லாம் எடுப்பார்கள், சிரமம்தான் என்றார். சாதாரணமாகச் சொன்னார். ஆனால் என் மகள் அப்போது ராணுவ நர்ஸ் வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணை பாக்கி இருந்த நேரம். பறக்கும் தட்டு கேஸில் அப்பாவின் பெயர் இருக்கிறது என்று யாராவது அவள் ஃபைலில் எழுதிவிட்டால்? நினைத்துப் பார்த்தால் எவ்வளவு அசட்டுத்தனமான பயம். ஆனால் பயம் வரும்போது அசட்டுத்தனமாகத் தெரிவதில்லை. நான் சொன்னது இதுதான்: "வயதானவர், சார்."

பொய் இல்லை. அவருக்கு அறுபத்தெட்டு வயது. மூத்தவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஓரத்தில் ஏதோ எழுதினார். நைனார் வாயைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். வாக்குமூலத்தை நான் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. ஓரத்தில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. அது அதிகாரி எழுதியதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நைனார் தமிழில், நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். படத்தைப் பற்றி ஏதாவது கேட்டார்களா என்று இறங்கும்போது கேட்டார். பார்த்து எழுதிக்கொண்டார்கள் என்றேன்.

சில மாதம் கழித்து அவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. பிரிக்காமல் அப்படியே என்னிடம் கொண்டுவந்தார். வானிலை பலூனாக இருக்கலாம், மேல் நடவடிக்கை தேவையில்லை என்று முதல் பத்தி. அதைப் படித்துச் சொல்லிவிட்டு மடித்தேன். "கீழ இன்னும் எழுதியிருக்குதே சார், மீதி?" என்றார். வேறு வழியில்லாமல் படித்தேன். சாட்சியின் வாய்மொழியும் அவரே வரைந்த படமும் முக்கியமான எண்ணிக்கையில் ஒத்துப்போகவில்லை, சாட்சியின் வயதையும் கருத வேண்டியுள்ளது என்று இருந்தது. நைனார் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அது பாதின்னு அவங்களுக்குத் தெரியாதே சார். நீங்க சொல்லலீங்களா?" என்றார். "அவங்க கேக்கலீங்க" என்றேன். அதுதான் பொய். என் வாழ்நாளில் நான் சொன்ன சுத்தமான பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கடிதம் வந்த விஷயம் எப்படியோ வெளியே போயிற்று; படம் ராணுவத்திடம் இருந்தது, அதை ஊரில் யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், சிலருக்கு அதில் பங்கும் உண்டு. டீக்கடைக்கு வந்தால் "மூணா ஆறா நைனாரே?" என்று கேட்பது வாடிக்கையானது. விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டவர்களும் உண்டு. அவர் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை உடைத்தது வேறு. ஒரு பட்டு முதலாளி, அவர் கொடுத்த கிராஃபைத் தறிக்கு அனுப்புவதற்கு முன் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்துப் புள்ளியைச் சரிபார்த்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஒரு எச்சரிக்கைக்காகத்தான். பிறகு இன்னொருவரும் அதையே செய்தார். "முப்பது வருஷமா நான் போட்ட புள்ளிய யாரும் எண்ணிப் பாத்ததில்ல சார்" என்றார் என்னிடம். அந்த மொட்டை மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கண் கலங்கியிருந்தது. நான், "விடுங்க நைனாரே, பேஜாரான ஆளுங்க" என்று அவர்களைத் திட்டினேன்.

கொஞ்ச நாளில் திருத்தம் கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார். ஒரே பக்கம். பட்டு டிசைனில் பாதி வரைவது வழக்கம், அந்தப் படமும் பாதிதான், மறுபக்கத்தையும் சேர்த்தால் ஆறு விளக்குகள் வரும், ஆகவே என் வாய்மொழியும் படமும் ஒத்துப்போகின்றன என்று எழுதியிருந்தார். கடைசி வரி: இதை உடனிருந்து மொழிபெயர்த்த ஆசிரியர் ஐயா அறிவார். "இத இங்கிலீஷ்ல போட்டு நீங்களே அனுப்பிருங்க சார், ரிஜிஸ்டர் போஸ்ட்ல" என்றார். வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்கே மொழிபெயர்த்தும் விட்டேன். கடைசி வரி உட்பட.

அனுப்பவில்லை. முதலில், ஸ்டெல்லாவுக்கு ஆர்டர் வரட்டும் என்று இருந்தேன். ஆர்டர் வந்தது, அவள் வேலையில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு வேறு காரணம் வந்தது. இதை அனுப்பினால், தெரிந்திருந்தும் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று என்னைத்தானே கேட்பார்கள்? அந்தக் கவர் என் மேஜை டிராயரில் பழைய வினாத்தாள்களுக்கு அடியில் கிடந்தது. மாதம் ஒரு தடவை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார். "பதில் வந்துதுங்களா சார்?" "இன்னும் இல்லீங்க" என்பேன். அதுவும் உண்மைதான். ஒரு வருஷம் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நைனார் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. பொங்கலுக்கு வடை வரும், கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொடுத்தால், "முட்டை இல்லீங்களே சார்?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொள்வார். பிறகு முட்டை போடாததாகவே தேடி வாங்கிக் கொடுப்பேன். சாயங்காலம் மேலே வந்து சூரியனைப் பார்ப்பார், சாப்பிடுவார். முன்பெல்லாம் என்னைப் பார்த்து உட்காருவார். கடைசி இரண்டு வருஷம் மலையைப் பார்த்து உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகுதான். அதற்கு நானே ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டேன், பொழுது போவதைப் பார்த்துச் சாப்பிடுகிறார் என்பதுபோல.

அவர் தவறிய செய்தி வந்த அன்று ஸ்டெல்லாவிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் வேலைக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்? யாருப்பா உங்களுக்கு அப்படிச் சொன்னது?" என்றாள். யாரும் சொல்லவில்லை. "பாவம்ப்பா அவரு" என்றாள். பிறகு, "இந்த வேலைய ஏம்ப்பா இதுல இழுத்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரவு திரும்பி வந்தும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மறுநாளே ரயில் ஏறினேன்.

ஊர் வந்த அடுத்த நாள் நைனார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சுனந்தா அம்மாள் உள்ளே போய் ஒரு சுருட்டிய தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். "இத உங்களாண்ட குடுக்கணும்னு வெச்சிருந்தாருங்க. போன வருஷமே வரைஞ்சாரு. தரேன் தரேன்னு சொல்லிகினே இருந்தாரு, தரல" என்றார். விரித்தேன். அதே கவிழ்த்த பானை. ஆனால் முழுசாக இருந்தது. இரண்டு பக்கமும் வளைவு. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. நடுக்கோடே இல்லை.

"நானே கேட்டேன்" என்றார் சுனந்தா அம்மாள். "இன்னாங்க இது, அதிசயமா முழுசா போட்டுகினு இருக்கீங்க, தறிக்கு ஆவாதேன்னு கேட்டேன். 'இது தறிக்கு இல்ல, சாருக்கு'ன்னாரு."

அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. காபி போட எழுந்து போனார். நான் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி வரைந்தால் மீதியைத் தறி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் வாழ்நாள் முழுக்க வரைந்தவர் எனக்காக மட்டும் முழுசாக வரைந்திருக்கிறார். என்னிடம் பாதியைக் கொடுத்து ஒருமுறை பார்த்தாயிற்று இல்லையா.

அன்று சாயங்காலமே டிராயரைத் திறந்து அந்தக் கவரை எடுத்தேன். அவருடைய மனு, என் மொழிபெயர்ப்பு, இந்தப் படத்தின் நகல் எல்லாவற்றையும் வைத்தேன். அதோடு என் கையால் ஒரு பக்கம் எழுதி, அன்று அறையில் எனக்குத் தெரிந்திருந்தது என்ன, நான் சொன்னது என்ன என்பதைக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலை ரிஜிஸ்டர் போஸ்ட்டில் அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை. வராமலும் போகலாம். அந்த அதிகாரிகள் இப்போது எங்கே இருக்கிறார்களோ. சுனந்தா அம்மாளிடம் நேற்றுச் சொன்னேன். அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாமே சார்" என்று மட்டும் கேட்டார்.

வானத்தில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்க்கவில்லை. போர்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அதைப் பார்த்த மனிதரை எனக்குத் தெரியும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தாள்தான். அசல் என்னிடம் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம். பட்டு முதலாளிகள் அவசியம் வர வேண்டும், வந்து புள்ளியை எண்ண வேண்டும்.

இனிமேல் டீக்கடையில் யாராவது மூன்றா ஆறா என்று கேட்டால், ஆறு என்று சொல்லுங்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், ஆசிரியர் ஐயா அன்றைக்கே அறிவார் என்று சொல்லுங்கள்.